சீத்தா கொத்துக் கொத்தாப் பூக்குது, காய் மட்டும் பிடிக்கல

மண்வெட்டி:
விதை போட்டு வந்த மரம், நாலாவது வருஷம். கிளை முழுக்கப் பூ. காலையில் பார்த்தா அடியில் தடிச்ச இதழா உதிர்ந்து கிடக்கு. பிடிச்சது ஒரே ஒரு பிஞ்சு, அதுவும் ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் சப்பையா. யூரியா வெச்சேன், இலைதான் செழிச்சுது. பக்கத்துல ஆண் மரம் வேணுமாமே, நிஜமா?

பழைய தோட்டக்காரன்:
ஆண் மரமா? யாரோ பப்பாளியோட குழப்பிட்டாங்க. சீத்தாவில் ஒரே பூவில் ரெண்டும் உண்டு, நேரம்தான் ஒத்து வராது. இதழ் லேசா வாய் திறக்கும்போது அது பெண். நடுவுல இருக்குற குமிழ் ஈரமா மினுங்கும். இதழ் நல்லா விரிஞ்ச பிறகுதான் மகரந்தம் உதிரும், அதுக்குள்ள குமிழ் காஞ்சிடும். தேனீயை நம்பாதீங்க, குட்டி வண்டுகள்தான் உள்ளே போகும்.

மூணு வருஷம் ஏமாந்துட்டு நானே வண்டு வேலை பார்க்க ஆரம்பிச்சேன். சாயங்காலம் விரிஞ்ச பூவைப் பறிச்சு அட்டை டப்பாவில் போட்டுடுவேன். விடிஞ்சதும் தட்டினா அடியில் மாவு மாதிரி மகரந்தம். சின்ன பெயிண்ட் பிரஷ்ல தொட்டு, வாய் திறந்த பூவுக்குள்ள முழுசா ஒரு சுத்து. பழத்து மேல இருக்குற ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் படாத பக்கம் சப்பிடும். உங்க பிஞ்சு கோணினது அதனாலதான். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும். யூரியாவைத் தூக்கி ஓரமா வைங்க.

இலைச்சருகு:
பிரஷ் பிடிக்கப் பொறுமை இல்லேன்னா, அழுகின பழத்தோலை மரத்தடியில் போடுங்க. புளிச்ச வாசனைக்கு அந்த வண்டுகள் வரும். ஈயும் வரும், சொல்லிட்டேன்.

மண்வெட்டி:
சீத்தாவுக்குச் சொந்தக்கார மரமான செரிமோயாவும் ஒண்ணு வெச்சிருக்கேன். அந்த மகரந்தத்தைத் தொட்டா?

பழைய தோட்டக்காரன்:
தாராளமா. 1908-ல் வெஸ்டர்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த ரெண்டையும் கலந்துதான் அட்டிமோயாங்கிற கலப்பு மரம் வந்துச்சு. ஆனா கலப்பு விதையை முளைக்கப் போட்டு வளர்த்தாத்தான் அந்த மரம் கிடைக்கும். இப்போ பிடிக்கிற பழம் சீத்தாதான்.

மண்வெட்டி:
மூணு வாரம் ஆச்சு. 12 பூ தொட்டேன், 5 நிக்குது, எல்லாம் நல்ல உருண்டை! கண்ணுக்கு நடுவுல மட்டும் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு.

பழைய தோட்டக்காரன்:
மாவுப்பூச்சி. தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுங்க. தண்டுல எறும்பு வரிசை இருக்கும், அதை முதல்ல நிறுத்துங்க.