லைன் என்றால் வீடு என்று எழுதியது தப்பா?

கோத்தகிரி தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் மகள் ஆறாம் வகுப்பு. போன வாரப் பரீட்சையில் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முதல் வாக்கியமே 'மை கிராண்ட்மதர் லிவ்ஸ் இன் தி லைன்' என்று எழுதியிருக்கிறாள். திரும்பி வந்த தாளில் 'லைன்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஹவுஸ்' என்று எழுதி, அரை மார்க் குறைத்திருந்தது. அரை மார்க் போனால் போகட்டும். ஆனால் வகுப்பில் அந்த வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, "உங்க பாட்டி ரேஷன் கடை லைன்லயா குடியிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.

என் அம்மா சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லைனில்தான் இருக்கிறார். நானும் அங்கேதான் பிறந்தேன். ஒரே நீளக் கூரை, எட்டு வீடு, எட்டு கதவு, முன்னால் ஒரே திண்ணை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மழைக்காலத்தில் மூன்றாவது வீட்டில் ஈர விறகைப் பற்றவைத்தால், புகை கூரைக்கு அடியிலேயே ஊர்ந்து ஆறாவது வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். இருமல் சத்தத்தை வைத்தே யாருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லிவிடுவார். மேல் லைன், கீழ் லைன், ஆஸ்பத்திரி லைன் என்றுதான் எங்களுக்கு முகவரியே. கலியாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்களும் "எந்த லைன்?" என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கரண்ட் போனால் 'லைன் போச்சு'. போனில் 'லைன்ல இருங்க'. ரேஷன் கடையில் லைன். குன்னூரில் ரயில் லைன். ஒரு பையன் ஒரு பெண்ணின் பின்னால் சுற்றினால் 'லைன் போடுறான்'. இதில் எது உண்மையான ஆங்கிலம், எது நாமாகச் சேர்த்துக்கொண்டது? முக்கியமாக, குடியிருக்கிற இடம் என்ற அர்த்தம் ஆங்கிலத்தில் உண்டா, இல்லையா? உண்டு என்றால் பிள்ளையிடம் தைரியமாகச் சொல்வேன். இல்லை என்றாலும் மறைக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுவேன்.

கம்பி மேலே முப்பது வருஷம்:

தங்கச்சி, எனக்குப் பெரிய ஆங்கிலமெல்லாம் தெரியாது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் குன்னூர். இந்தச் சொல்லோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் 'லைன் கிளியர்' என்று ஒன்று உண்டு. ஜூன், ஜூலையில் காற்று பிடித்துவிட்டால் கற்பூர மரம் கம்பி மேல் சாயாத நாளே இருக்காது. அதைச் சரி செய்யக் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் துணைமின் நிலையத்தில் லைன் கிளியர் வாங்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நீ ஏறலாம் என்பதுதான் அதன் பொருள். வாங்கிய பிறகும், கம்பியில் மின்சாரம் வந்தால் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடு மாட்டாமல் கம்பியில் கை வைக்க மாட்டோம்.

என் மச்சான் ரயில்வேயில் இருந்தார், மலை ரயிலில். அவர்களிடமும் 'லைன் கிளியர்' உண்டு. அங்கே அதற்கு, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்று அர்த்தம். பாருங்கள், அதே இரண்டு சொல்தான். அவர்களுக்கு லைன் கிளியர் என்றால் இனி லைனில் ஒன்று வரப்போகிறது, எங்களுக்கு லைன் கிளியர் என்றால் லைனில் எதுவும் வரவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் உட்கார்ந்து இதைப் பேசினோம். அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "மாத்திப் புரிஞ்சுக்கிட்டா உயிர் போயிடுமே" என்றார். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். ஒரு சொல்லைச் சொல்கிற ஆள் யார், எங்கே நின்று சொல்கிறார் என்று பார்க்காமல் சிவப்பு மையை எடுக்கக் கூடாது. பாப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வர்க்கி வண்டி:

அக்கா, எங்க பக்கம் இன்னொரு லைன் இருக்கு. பேக்கரியிலிருந்து வர்க்கி, பன் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போடுகிறேன். செவ்வாய் மஞ்சூர் லைன், புதன் கோத்தகிரி லைன், வெள்ளி கூடலூர் லைன். போகிற வழியும் அதில் இருக்கிற கடைகளும் சேர்ந்ததுதான் லைன். 'அந்த லைனை எனக்குக் கொடுங்க' என்று முதலாளியிடம் கேட்கிறபோது ரோட்டைக் கேட்கவில்லை, வாடிக்கைக் கடைகளைக் கேட்கிறோம். கீழே கோவை, ஈரோடு பக்கம் வாரவட்டிக்குப் பணம் விட்டு வசூல் பண்ணுகிறவர்களும் 'லைனுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். கோயமுத்தூரில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுவதற்கும் லைன் வீடு என்றுதான் பெயர். என் அண்ணன் அதில்தான் இருக்கிறான். பாப்பா எழுதியதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

பழைய கரும்பலகை:

அம்மா, நான் ஊட்டியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: உண்டு. சந்தேகமே வேண்டாம்.

ராணுவ முகாமில் கூடாரங்களையோ குடிசைகளையோ வரிசையாகப் போட்டால் அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'லைன்ஸ்' என்று பெயர். குதிரைகளை வரிசையாகக் கட்டும் இடமும் லைன்ஸ்தான். டில்லியிலும் அலகாபாத்திலும் 'சிவில் லைன்ஸ்' என்று பேட்டைகளே இருக்கின்றன. போலீஸ்காரர் குடியிருப்பைப் போலீஸ் லைன் என்கிறோம், மதுரையில் ரிசர்வ் லைன் இருக்கிறது. தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் கட்டியபோது அதே சொல்லைக் கொண்டுவந்து, 'கூலி லைன்ஸ்' என்று எழுதினார்கள். முன்பாதி மனிதரைத் தாழ்த்துகிற சொல், அது உதிர்ந்து போனது நல்லதே. பின்பாதி நம் வாயில் நின்றுவிட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. அந்தக் கடமை பெரும்பாலும் நிறைவேறியது இந்த லைன்களில்தான்.

உங்கள் மகள் ஒரே ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறாள். ஆங்கிலத்தில் இந்த அர்த்தம் வரும்போது சொல் பன்மையில் இருக்க வேண்டும், எதனுடைய லைன் என்பதும் தெரிந்தால் நல்லது. 'இன் தி எஸ்டேட் லைன்ஸ்' என்று எழுதியிருந்தால் லண்டனில் இருப்பவரும் குறை சொல்ல முடியாது. ஒருமையில் 'இன் தி லைன்' என்றால் படிக்கிறவருக்கு வரிசையில் நிற்பதுதான் நினைவுக்கு வரும். திருத்த வேண்டியது ஒரே ஓர் எழுத்து. 'ஹவுஸ்' என்று மாற்றியதில் அந்த எட்டுக் கதவும் காணாமல் போய்விட்டன, எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்கள் வரிசையில் நிற்பதை 'லைன்' என்பது முக்கியமாக அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ்காரர்கள் 'கியூ' என்பார்கள். வகுப்பில் அவளைக் கேலி செய்த அர்த்தம் அமெரிக்காவுடையது, அவள் எழுதிய அர்த்தம் பிரிட்டிஷ்காரர்கள் இந்த மலைக்கே கொண்டுவந்தது.

மற்றவற்றையும் பார்ப்போம். மின்சாரம், தொலைபேசி, ரயில் மூன்றும் ஆங்கிலத்தில் இருப்பவையே. வர்க்கித் தம்பி சொன்ன பாதை என்ற அர்த்தமும் உண்டு, கப்பல் கம்பெனிகளுக்கும் பஸ் தடங்களுக்கும் அப்படிச் சொல்வார்கள். வம்சாவளி, கவிதையின் ஓர் அடி, முகச் சுருக்கம், தூண்டில் நரம்பு, செய்கிற தொழில் எல்லாமே லைன்தான். 'லைன் போடுறான்' மட்டும் நம் ஊரில் பிறந்தது, ஆங்கிலேயருக்கு விளங்காது.

இத்தனையும் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச் செடி. அதன் விதைதான் கடையில் ஆளிவிதை என்று கிடைக்கிறது. அதன் தண்டு நாரில் திரித்த நூலுக்கு 'லினியா' என்று பெயர். நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு கிடைக்கும். கொத்தனார் இன்றைக்கும் நூல் பிடித்துத்தானே சுவர் எழுப்புகிறார்? அந்த நூலிலிருந்து கோடு, கோட்டிலிருந்து வரிசை, வரிசையிலிருந்து உங்கள் அம்மாவின் வீடு. தமிழிலும் நூல் சும்மா இருக்கவில்லை. தையலுக்கு நூல், படிக்க நூல், ஆசாரிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

நீங்கள் தையல் வேலை செய்கிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். ரவிக்கைக்கு உள்ளே வைக்கிறீர்களே லைனிங், அதுவும் இதே செடிதான். அந்தக் காலத்தில் உடுப்புக்கு உள்பக்கம் அந்த நார்த்துணியை, அதாவது லினனை, வைத்துத் தைத்தார்கள். அதனால் உள்துணி வைப்பதற்கே 'லைன்' என்று ஒரு வினைச்சொல் வந்தது.

பெரட்டுக்களம்:

மகள், நான் பந்தலூர்ப் பக்கம். 1973இல் பதினொரு வயதில் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்தேன். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தோம். எங்களைப் போல வந்தவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலை போடத் தொடங்கியிருந்தது.

அங்கே நாங்கள் லைன் என்று சொன்னதில்லை, 'லயம்' என்போம். அறைக்குக் காம்பரா. 'ரெண்டாம் லயத்து நாலாவது காம்பரா' என்றால் அது எங்கள் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஏழு பேர் இருந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது 'லயத்துல இருந்தோம்' என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "குதிரை கட்டுற லாயமா?" என்று கேட்டான். அதனால் உங்கள் பிள்ளைக்கு அன்றைக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த 'லயம்' என்பதும் இந்த 'லைன்' என்பதும் ஒரே ஆங்கிலச் சொல் என்று விளங்க எனக்கு முப்பது வயதாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் வாயில் லயம் ஆகிவிட்டது, இந்தப் பக்கம் இருந்தவர்கள் வாயில் லைனாகவே நின்றது. காலையில் ஆள் சேர்க்கும் பெரட்டும் அப்படித்தான், அது 'பரேட்' என்ற சொல். ஆனால் கொழுந்து எடுக்கக் காட்டுக்குள் இறங்கினால் மட்டும் எங்களிடம் நல்ல தமிழ் இருந்தது: 'நிரை'. ஆளுக்கு ஒரு நிரை. "யார் நிரையில கொழுந்தை விட்டுட்டுப் போனது?" என்று கங்காணி சத்தம் போடுவார். செடி நின்ற வரிசைக்கு எங்கள் சொல், நாங்கள் படுத்த வரிசைக்குத் துரையின் சொல்.

கோத்தகிரி தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது.

கரும்பலகை ஐயா எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். அப்போது மெஷினில் ஒரு பச்சைப் பட்டு ரவிக்கை இருந்தது, லைனிங் அப்போதுதான் வெட்டி வைத்திருந்தேன். அவள் அந்தத் துணியை எடுத்துக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். அப்புறம் நான் சாக்குக் கட்டியில் போட்டிருந்த வெட்டுக்கோட்டின் மேல் விரலை ஓட்டி, "இதுவும் லைன், இதுவும் லைன்" என்றாள். பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை லைனிங் என்று சொல்கிற எனக்கு இது தோன்றியதே இல்லை.

பெரட்டுக்களம் ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவரும் அந்தப் பக்கம் பிறந்தவர்தான், நுவரெலியா. 'காம்பரா' என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "உன் ஆத்தா எப்பவும் அப்படித்தாண்டி சொல்லும்" என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது, ஐயா. மகள் அந்தப் பத்து வாக்கியத்தையும் மறுபடி எழுதி நாளைக்குப் பள்ளிக்கு எடுத்துப் போகிறேன் என்கிறாள். முதல் வாக்கியத்தில் ஆறாவது வீடு என்பதும் வர வேண்டுமாம். 'மை கிராண்ட்மதர் லிவ்ஸ் இன் தி சிக்ஸ்த் ஹவுஸ் இன் தி எஸ்டேட் லைன்ஸ்' என்று எழுதியிருக்கிறாள். சரியா?

பழைய கரும்பலகை:

சரி அம்மா. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். இப்படியே கொடுக்கச் சொல்லுங்கள்.