சிறுத்தைப் புள்ளி சாட்டின் ஸ்கர்ட்: டொரொன்டோ குளிருக்கு எப்படி உடுத்துவது?

ஸ்கார்பரோ_கிழக்கு (கேள்வி)

வணக்கம். சிறுத்தைப் புள்ளி ஸ்கர்ட் ஒன்றை ஜனவரியில் ஆபீசுக்குப் போட வேண்டும். பாலியஸ்டர் சாட்டின், கிராஸ் கட் (துணியைக் குறுக்குவாட்டில் வெட்டித் தைத்தது), இடுப்பில் எலாஸ்டிக், நீளம் 78 செ.மீ. மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் ரயில் மேடையில் நிற்க வேண்டியிருக்கும். கைவசம் இருப்பவை: கணுக்கால் பூட்ஸ், இடுப்பளவு கறுப்பு பஃபர் (உள்ளே அடைத்துப் புடைத்த) ஜாக்கெட், கேமல் நிற நீளக் கம்பளிக் கோட், முறுக்குப் பின்னல் போட்ட கனத்த ஸ்வெட்டர்.

நைலான் டைட்ஸ் மேல் போட்டால் நடக்க நடக்க ஸ்கர்ட் காலோடு ஒட்டி மேலே ஏறுகிறது. ஸ்வெட்டரை வெளியே விட்டால் மூட்டை மாதிரி இருக்கிறது, உள்ளே செருகினால் இடுப்பு புடைக்கிறது. வழி சொல்லுங்கள்.

நூலும்_ஊசியும்

ஒட்டுவதற்குக் காரணம் நிலைமின்சாரம். நைலானும் பாலியஸ்டரும் உரசினால் ஒன்று நேர்மின்னும் மற்றது எதிர்மின்னும் ஏற்றுக்கொள்ளும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து கிடப்பதால் அந்த மின்னேற்றம் இறங்க வழியில்லை. கோடையில் இதே ஸ்கர்ட் ஒட்டாது, கவனித்துப் பாருங்கள்.

டைட்ஸுக்கும் ஸ்கர்ட்டுக்கும் நடுவே பருத்தி, விஸ்கோஸ், குப்ரோ (பருத்தி நாரிலிருந்து செய்யும் வழவழப்பான துணி) இவற்றில் ஒன்றாலான ஸ்லிப், அதாவது மெல்லிய உள்பாவாடை, போடுங்கள். இவை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மின்னேற்றம் தங்காது. ஸ்லிப் ஸ்கர்ட்டைவிட 5 செ.மீ. குட்டையாக இருக்கட்டும். நேர்வெட்டு ஸ்லிப் என்றால் பக்கவாட்டில் 20 செ.மீ. பிளவு வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலில் இறுக்கி, அதுவே ஸ்கர்ட்டை மேலே இழுக்கும்.

புடவைக்குக் கட்டும் பருத்தி உள்பாவாடை போதுமே என்று தோன்றும். போதாது. நாடா முடிச்சும் இடுப்புச் சுருக்கமும் சாட்டினில் அப்படியே தெரியும். புடவை ஷேப்வேர் இன்னும் மோசம். அது பெரும்பாலும் நைலான், பாலியஸ்டர் கலவைதான், சிக்கல் திரும்ப வந்துவிடும்.

அவசரத்துக்கு ஆன்டி ஸ்டாட்டிக் ஸ்ப்ரேயை டைட்ஸ் மேலும் ஸ்கர்ட்டின் உட்புறத்திலும் 25 செ.மீ. தள்ளி அடிக்கலாம். சாட்டினில் கறை விழுமா என்று முதலில் தையல் மடிப்பில் சோதித்துவிடுங்கள். உள்மடிப்பில் ஊக்கு குத்தும் வைத்தியம் ஓரளவுக்கே பலிக்கும்.

வடதுருவத்தாள்

குளிர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன 78 செ.மீ. நீளத்துக்கு ஸ்கர்ட் விளிம்பு தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் நிற்கும். கணுக்கால் பூட்ஸ் போட்டால் இடையில் நாலு விரல் இடைவெளி விழும். காற்று புகுவதும் அங்கேதான், கால் குட்டையாகத் தெரிவதும் அதனால்தான். குழல் (கணுக்காலுக்கு மேலே ஏறும் பகுதி) 35 செ.மீ.க்குக் குறையாத பூட்ஸ் எடுத்து, அதன் மேல்பகுதியை ஸ்கர்ட்டுக்குள் மறைத்துவிடுங்கள்.

மைனஸ் 5 வரை 80–100 டெனியர் (நூலின் தடிமன் அளவு) டைட்ஸ் தாங்கும். அதற்குக் கீழே, இரண்டு டைட்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்ட வேண்டாம். இறுக்கத்தில் பாதம் இன்னும் சில்லிட்டுப் போகும். பாதமில்லாத மெரினோ (மென்மையான கம்பளி) லெக்கின்ஸ், அதன் கீழே முழங்கால் வரை கம்பளிக் காலுறை, பூட்ஸ் அரை சைஸ் பெரியது. விரல் அசைய இடமிருந்தால்தான் சூடு நிற்கும். இங்கேயும் ஸ்லிப் வேண்டும். கம்பளியும் பாலியஸ்டரோடு ஒட்டும்.

முறுக்குப் பின்னல் ஸ்வெட்டரை இந்த ஸ்கர்ட்டோடு சேர்க்கவே வேண்டாம். ஸ்வெட்டர் மேல் பெல்ட் கட்டி, கீழ் விளிம்பை மேலே மடித்துவிடும் தந்திரம் மெல்லிய பின்னலுக்குத்தான் சரி. உள்ளே செருக மெல்லிய மெரினோ டர்ட்டில்நெக் (கழுத்தை மூடும் ஸ்வெட்டர்). வெளியே விட வேண்டுமென்றால் இடுப்புப் பட்டைக்குக் கீழே 5–8 செ.மீ.யில் முடியும் குட்டை ஸ்வெட்டர். உள்ளே போடும் தெர்மல் பனியனை டைட்ஸுக்குள் செருகுங்கள், ஸ்கர்ட்டுக்குள் அல்ல. பாதிப் புடைப்பு அதிலேயே போய்விடும்.

இடுப்பளவு பஃபர், காற்றில்லாத நாளுக்கு மட்டும். ரயில் மேடையில் சாட்டின் பறக்கும். நீளக் கோட்டே நல்லது. அடுத்து பஃபர் வாங்கினால் கீழிருந்தும் திறக்கிற இருவழி ஜிப் உள்ளதாகப் பாருங்கள். உட்காரும்போது இழுபடாது.

சாயப்பட்டறை

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! சிறுத்தைப் புள்ளியில் மூன்று நிறம் உண்டு: உடைந்த கறுப்பு வளையம், அதற்குள் அடர் பழுப்பு, பின்னணியில் மணல் நிறம். பகல் வெளிச்சத்தில் துணியை வைத்துப் பார்த்து, இந்த மூன்றில் இரண்டை மட்டும் மற்ற உடைகளில் எடுங்கள். பின்னணி மஞ்சள் சாய்ந்த மணல் நிறமானால் உங்கள் கேமல் கோட் பொருந்தும். சாம்பல் சாய்ந்திருந்தால் அதே கோட் அழுக்காகத் தெரியும். அதற்குக் கரிச்சாம்பலோ நேவி நீலமோ போடுங்கள்.

ஏறக்குறைய ஒத்துப்போகிற பழுப்புதான் ஆபத்து. ஒன்று அச்சிலுள்ள பழுப்பே இருக்க வேண்டும், அல்லது அதைவிட இரண்டு படி அடர்த்தியாக, சாக்லேட் நிறமாக இருக்க வேண்டும். எல்லாரும் கறுப்பு டர்ட்டில்நெக்கைத்தான் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் சாக்லேட் ஸ்வெட்டரும் அதே நிற பூட்ஸும் ஆபீசுக்கு இன்னும் அடக்கமாக இருக்கும். பளபளப்பு ஸ்கர்ட்டிலேயே போதுமான அளவு இருக்கிறது, மேலே பளபளப்பில்லாத மேட் துணியாகப் பாருங்கள். ஸ்கார்ஃபில் இன்னொரு அச்சு வேண்டவே வேண்டாம்.

ஸ்கார்பரோ_கிழக்கு

பின்னணி மஞ்சள் சாய்ந்ததுதான், கோட் தப்பித்தது. நீளக் குழல் பூட்ஸ் சூயிடில் (மேற்புறம் பூம்பஞ்சாக இருக்கும் தோல்) வாங்கலாமா? பனி உருகச் சாலையில் தூவும் உப்பு பயமாக இருக்கிறது.

வடதுருவத்தாள்

வழவழப்பான தோலே மேல். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து அன்று மாலையே துடைத்துவிடுங்கள். உள்ளே செய்தித்தாள் திணித்து, ஹீட்டருக்குத் தள்ளிக் காய வையுங்கள். பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். சூயிடில் உப்பு வெள்ளைக்கோடு விழுந்தால் காயவிட்டு பிரஷ் போட்டு, பிறகே வினிகரை ஒற்ற வேண்டும். தினமும் போடுகிறவருக்கு அது வேலை.

ஸ்கர்ட் விளிம்பில் சேற்றுப் பனி தெறித்தால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள், பரவிவிடும். காய்ந்ததும் தட்டிவிட்டு, உட்புறம் வெளியே திருப்பி, வலைப்பைக்குள் போட்டுக் குளிர்நீரில் அலசுங்கள். அயர்ன் குறைந்த சூட்டில், உட்புறமாக மட்டும்.