போர்ட் மெசேஜ் போட்டாத்தான் விலை குறையுமா?

செம்பூர்_வாசு:
நேத்து நம்ம மும்பை ஃபோரத்துல ஹார்பர் லைன் ரயில் இழையில ஒருத்தர் சம்பந்தமே இல்லாம "செல்போன் கம்பெனிக்காரன் ஆளைப் பார்த்து விலை வைக்கிறான், ஏழைக்குத்தான் அதிகம்"னு எழுதிட்டுப் போயிருக்கார். படிச்சதுல இருந்து எரிச்சல். டெலிகாம் பில்லிங்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். பிளான் விலை எல்லாருக்கும் ஒண்ணுதான். 299-ன்னா பணக்கார மலபார் ஹில்லுக்கும் 299, ஏழைங்க இருக்கிற மான்குர்துக்கும் 299. எந்தப் பிளான் வந்தாலும் 7 வேலை நாளுக்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்கிட்ட தாக்கல் பண்ணியாகணும். தெரியாத விஷயத்தை எழுதாதீங்க.

தொண்ணூறடி_கடை:
அந்த "ஒருத்தர்" நான்தான். நேராவே கேட்கலாம். தாராவி 90 அடி ரோட்ல ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன், தெரியாம எழுதலை.

சுவர்ல ஒட்டின விலையைப் பத்தி நான் பேசவே இல்ல சார். ஒரே வீட்டு அப்பாவும் மகளும் கடைக்கு வந்தாங்க. ஒரே கம்பெனி, ஒரே பிளான். கம்பெனி பேர் வேண்டாம். மகள் 1900-க்கு போர்ட் மெசேஜ், அதாவது இதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாறப் போறேன்னு எஸ்எம்எஸ், அனுப்பியிருக்கு. அடுத்த நாளே கால் வந்து, இதே பிளானை அறுபது ரூபாய் குறைச்சுத் தர்றோம், போகாதீங்கன்னு கெஞ்சியிருக்காங்க. அப்பாவுக்கு முழு விலை. அந்தப் பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து அவர்கிட்ட இருக்கிற நம்பர் அது. நம்பி இருக்கிறவனுக்கு முழு விலை, போறேன்னு மிரட்டினா சலுகை. இதைத்தான் சொன்னேன்.

செம்பூர்_வாசு:
அது விலை இல்ல, ஆஃபர். ரெண்டையும் குழப்பாதீங்க. அதுவும் போர்ட் மெசேஜ் போட்டதாலதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? வேற காரணம் ஆயிரம் இருக்கலாம். கால் ரெக்கார்டிங் இருக்கா?

ஆன்டாப்ஹில்_செல்வி:
நானும் போர்ட் மெசேஜ் போட்டேன். கம்பெனி மாறத் தேவைப்படுற எட்டெழுத்து யுபிசி கோடு வந்துச்சு, நாலு நாள்ல காலாவதியும் ஆயிடுச்சு. ஒருத்தரும் கூப்பிடலை, கெஞ்சவும் இல்ல. கடைக்கார அண்ணன் சொல்றது எல்லாருக்கும் பொருந்தாது.

செம்பூர்_வாசு:
நன்றி செல்வி. இதோட முடிஞ்சது.

தொண்ணூறடி_கடை:
முடியலை. செல்வி, நீங்க மாசாமாசம் எந்தப் பிளான் போடுவீங்க?

ஆன்டாப்ஹில்_செல்வி:
199. அதுக்கென்ன?

தொண்ணூறடி_கடை:
அதுக்குத்தான் கால் வரலை. கடையில உட்கார்ந்து பார்த்ததைச் சொல்றேன். 199 போடுறவங்க போர்ட் மெசேஜ் போட்டா கோடு மட்டும்தான் வரும். தினம் ரெண்டு ஜிபி பிளான் போடுறவங்களைத்தான் கூப்பிடுவாங்க. யார் போனா நஷ்டம்னு கணக்கு வச்சிருக்கான். வாசு சார் பில்லிங்ல இருந்தவர்தானே, ஒரு ஆளுக்குச் சராசரி வருமானம் எவ்வளவுன்னு காலாண்டுக்கு ஒருக்க கம்பெனிக்காரங்க பெருமையா அறிவிப்பாங்களே, அந்தக் கணக்கு எதுக்குன்னு சொல்லட்டும்.

கல்யாண்_பாண்டி:
கடைக்காரர் பக்கம்தான் நான். ஊர் பார்த்தும் விலை வச்சிருக்கான். 2022 நவம்பர்ல ஏர்டெல் குறைந்தபட்ச ரீசார்ஜை 99-ல இருந்து 155 ஆக்கினப்ப முதல்ல ஹரியானா, ஒடிசா. மத்தவங்களுக்கு அப்பவும் 99. எங்க மும்பைக்கு அப்புறம்தான் வந்துச்சு.

செம்பூர்_வாசு:
அது சோதனை ஓட்டம். சில மாசத்துல எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. அப்புறம், கல்யாண் எப்போ மும்பை ஆச்சு?

கல்யாண்_பாண்டி:
டெலிகாம்ல வேலை பார்த்த மனுஷன் இதைக் கேட்கலாமா! கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கிற பகுதிதான் சர்க்கிள்; மும்பை சர்க்கிள்ல நவி மும்பையும் கல்யாணும் சேர்த்தி. லைசென்ஸ்லயே அப்படித்தான் இருக்கு.

செம்பூர்_வாசு:
சர்க்கிள் வேற, ஊர் வேற.

கல்யாண்_பாண்டி:
உங்க செம்பூரும் ஒரு காலத்துல ஊருக்கு வெளியதான் சார் இருந்துச்சு.

சயான்_வக்கீல்:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. இதெல்லாம் கோர்ட்டுக்கே போன விஷயம். சில பேருக்கு மட்டும் தர்ற சலுகையை டிராய்கிட்ட காட்டணும்னு 2018 பிப்ரவரியில உத்தரவு. டிசம்பர்ல தொலைத்தொடர்பு தீர்ப்பாயமான டிடிசாட் அதை ரத்து பண்ணுச்சு. டிராய் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் விவரத்தைக் கொடுக்கணும்னு 2020 நவம்பர்ல கோர்ட் சொல்லிடுச்சு. ஆக, ஆளுக்கொரு சலுகை இருக்குன்னு கம்பெனிகளே ஒத்துக்கிட்டதுதான். போகப் பார்க்கிற வாடிக்கையாளரை நிறுத்தி வைக்கத் தர்றோம், இது தள்ளுபடிதான், தனி பிளான் இல்லன்னு வாதாடினாங்க.

செம்பூர்_வாசு:
பார்த்தீங்களா! நான் சொன்னதேதான். ஆஃபர் வேற, விலை வேற.

தொண்ணூறடி_கடை:
பார்த்தீங்களா! நான் சொன்னதேதான். போகப் பார்க்கிறவனுக்குக் குறைக்கிறான்.

வக்கீல் சார், டிராய்கிட்டதானே காட்டணும்? என் கடைக்கு வர்ற அப்பாவுக்கு யார் காட்டுவா?

சயான்_வக்கீல்:
அது வேற கேள்வி. கோர்ட் அதுக்குள்ள போகலை. டிராயோட 1999 டாரிஃப் (கட்டண) ஆணையில, ஒரே வகையைச் சேர்ந்த வாடிக்கையாளருக்குள்ள பாகுபாடு கூடாதுன்னு இருக்கு. எது ஒரே வகைங்கிறதுலதான் வம்பே. அதை முதல்ல பேசி முடிவு பண்ணிட்டு...

செம்பூர்_வாசு:
வகையெல்லாம் அப்புறம். போர்ட் மெசேஜுக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் இருக்குங்கிறதுக்கு ஆதாரம் எங்கே? நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். தாதர் மார்க்கெட்ல பேரம் பேசுறவனுக்குக் கத்தரிக்காய் குறைச்சுக் கிடைக்கும். அதுக்காகக் காய்காரன் ஏமாத்துறான்னு சொல்வீங்களா?

தொண்ணூறடி_கடை:
தாதர்ல பேரம் பேசலாம்னு எல்லாருக்கும் தெரியும் சார். இங்க பேரம்னு ஒண்ணு இருக்கிறதே பாதிப்பேருக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

பேரம் பேசவே முடியாத ஆளைச் சொல்லட்டா? காலையில இட்லி அவிச்சு மாட்டுங்கா பக்கம் கொண்டு போய் விக்கிற அக்கா ஒருத்தங்க. பட்டன் போன், பின்மூடிக்கு செலோடேப். ஆர்டர் சொல்றவங்க கூப்பிடணும், அவ்வளவுதான் தேவை. இன்டர்நெட் வேண்டாதவங்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் கொடுங்கன்னு 2024 டிசம்பர்ல டிராய் சொன்னது இவங்களுக்காகத்தான். வந்துச்சு. எப்படி வந்துச்சு? ஒரு பெரிய கம்பெனியில 84 நாளுக்கு மொத்தமா 469. அந்த அக்காவால அதை ஒரே தடவையில எடுத்து வைக்க முடியாது. அதனால 28 நாளைக்கொருக்க 199, தொடவே தொடாத ரெண்டு ஜிபியோட. மூணு தடவைக்கு 597. அதே 84 நாளுக்கு 128 ரூபாய் கூட. கையில காசு இல்லாததுக்கு அபராதம். ஏழைக்குத்தான் அதிகம்னு நான் எழுதினதுக்கு அர்த்தம் இதுதான்.

மேல இருக்கிறவங்க கதை வேற. 2024 ஜூலையில எல்லாரும் விலை ஏத்தினப்ப, அளவில்லாத 5ஜி வேணும்னா தினம் ரெண்டு ஜிபியோ அதுக்கு மேலயோ உள்ள பிளானைப் போடுன்னு ஜியோவும் ஏர்டெல்லும் ஆக்கிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல ஏர்டெல் 249 பிளானையே எடுத்துடுச்சு. கீழ்ப்படியை ஒவ்வொண்ணா உருவிட்டு மேல ஏறுன்னு சொல்றான்.

ஆன்டாப்ஹில்_செல்வி:
128 கணக்கு சரிதான். வயிறு எரியுது. ஆனா எனக்குக் கால் வராததுக்கு 199-தான் காரணம்னு நீங்க சொன்னதை நான் ஒத்துக்கலை. என் தங்கச்சியும் 199-தான், அவளுக்குக் கால் வந்துச்சு.

செம்பூர்_வாசு:
ஆஹா. இப்போ கடைக்காரர் என்ன சொல்வார்?

தொண்ணூறடி_கடை:
தங்கச்சி முன்னாடி பெரிய பிளான் போட்டிருப்பாங்க. கேட்டுப் பாருங்க.

செம்பூர்_வாசு:
"போட்டிருப்பாங்க." இதுக்குப் பேர் ஆதாரமா? பொங்கல் விழா வரவுசெலவையும் இப்படித்தான் "செலவாகியிருக்கும்"னு எழுதிக் கொடுத்தீங்க.

தொண்ணூறடி_கடை:
அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு, பைசா சுத்தமா. பந்தல்காரருக்கு யார் பாக்கி வச்சதுன்னும் அதுல இருக்கு. பேசலாமா?

கல்யாண்_பாண்டி:
பேசுங்கண்ணே. கல்யாண்ல இருந்து வசூல் பண்ணிக் கொடுத்த பணத்துக்கு ரசீதே தரலை. பணம் வாங்குறப்ப மட்டும் கல்யாண் மும்பையா இருந்துச்சு.

சயான்_வக்கீல்:
இழைத் தலைப்பு போன் கட்டணம்.

தொண்ணூறடி_கடை:
வாசு சாருக்கு ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டிங் வேண்டாம். உங்க நம்பர்ல இருந்தே 1900-க்கு போர்ட் மெசேஜ் போடுங்க. நீங்க பெரிய பிளான்காரர்தானே. ரெண்டு நாள்ல கால் வரும். வந்ததும் கடைக்கு வாங்க, பேசுவோம்.

செம்பூர்_வாசு:
எனக்கு வேற வேலை இல்லையா? தாராவி வரைக்கும் வந்து இதை நிரூபிக்கணுமா?

தொண்ணூறடி_கடை:
தாராவி வரைக்கும்னா என்ன அர்த்தம்? செம்பூர்ல இருந்து சயான், சயான்ல இருந்து எங்க ரோடு. பக்கம்தானே. "தாராவி வரைக்கும்"னு இழுக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். மெசேஜைப் போடுங்க சார்.

செம்பூர்_வாசு:
வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க. ரெக்கார்டிங் இருந்தா ஏத்துங்க. அதுவரைக்கும் விலை எல்லாருக்கும் ஒண்ணுதான்.

கல்யாண்_பாண்டி:
நான் இப்பதான் 1900-க்கு மெசேஜ் போட்டேன். பார்ப்போம். ரசீது விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?