பழைய கடை ஃபிரிட்ஜில் மான் தொங்கவிட்டவர்கள்: உங்கள் பெட்டி எங்கே கைவிட்டது?

குளிர்காற்று

வேட்டையாடிய மானின் கறி இளகட்டும் என்று, தட்டுகளைக் கழற்றிவிட்டு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் சில நாள் தொங்கவிடும் வேலை இங்கே பலருக்கும் அத்துபடி, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோலோடு இரண்டு மான், தொடையோடு தொடை ஒட்டித் தொங்கின. கதவு டிஸ்பிளே 2 டிகிரி காட்டியது. மறுநாள் காலையில் தொடை எலும்பை ஒட்டி ஊசி வெப்பமானியைச் செருகினால் 17. பிறகு எலும்பு நீக்கும்போது தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியிலிருந்து கழன்று வந்தது; அந்தக் குழி முழுக்கப் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், புளித்த வாடை. வெளிப்புறக் கறியோ நல்ல சிவப்பாகவே இருந்தது.

கம்ப்ரஸர் சிறியது என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ உடலை 38 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 5,200 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் 1.4 யூனிட், ஒரு நாளுக்குப் பரப்பினால் சராசரி 60 வாட். மூன்றில் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் அதைத் தாராளமாக இழுக்கும். இந்தப் பெட்டிகள் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கக் கட்டப்பட்டவை, கோளாறு அங்கேதான். மேலே ஃபேன் ஊதும் காற்று, அடைத்துக்கொண்டு நிற்கும் தொடைகளில் மோதி அப்படியே காயிலுக்கு (குளிரூட்டும் குழாய்ச் சுருளுக்கு) திரும்பிவிடுகிறது. சென்சார் படிப்பதும் அந்தத் திரும்பு காற்றைத்தான்.

இடுப்பெலும்பைப் பிளந்து, பின்னங்கால்களை விரிகம்பியில் அகட்டி, விலாவுக்குள் ஒரு குச்சி கொடுத்து மார்பைத் திறந்து வையுங்கள். உடலுக்கும் உடலுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர், சுவருக்கும் அவ்வளவே. ஒற்றைக் கதவுக்கு ஒன்று, இரட்டைக் கதவுக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். எலும்போரம் அளந்து 24 மணி நேரத்துக்குள் 7 டிகிரிக்குக் கீழே வந்ததா என்று பார்ப்பதுதான் ஒரே சோதனை.

கொக்கியும்கம்பியும்

என் கண்ணிலிருந்து போகாதது கிழிந்த உள்தகடு. மேல்கூரையில் நாலு ஸ்க்ரூ போட்டு வளையம் மாட்டியிருந்தார்கள். ஒரே ஒரு மான்தான். கதவைத் திறந்து உடலைக் கொஞ்சம் திருப்பியதும் ஸ்க்ரூ தகட்டோடு பிய்ந்து வந்தது. பின்னால் மஞ்சள் ஃபோம் தெரிகிறது. ஃபிரிட்ஜின் உள்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதற்குப் பின்னால் வெறும் ஃபோம்தான். தட்டு மாட்டும் பள்ளப்பட்டைகளும் நின்ற பாரத்துக்கானவை, ஆடும் பாரத்துக்கு அல்ல.

பாரம் தரைக்கு இறங்க வேண்டும். 40 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், நாலு காலில் நிற்கும் சட்டகம். மேலே குறுக்கே ஓர் அங்குலக் கனமான பைப். கால்களுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் வெட்டுப்பலகைப் பிளாஸ்டிக், இல்லையென்றால் அடித்தகடு குழிந்து அந்தக் குழியில் ரத்தம் தேங்கும். சட்டகத்தைச் சுவரில் சாய்க்காதீர்கள், தனியாக நிற்கட்டும்.

இரட்டைக் கதவின் நடுத்தூணை அறுக்குமுன் ஒன்று பார்க்க வேண்டும். சிலவற்றில் அது போல்ட்டில் கழன்று வரும். பலவற்றில் அதற்குள் வியர்வைத் தடுப்பு ஹீட்டர் வயர் ஓடும், இரண்டு கதவின் கேஸ்கட்டும் (ஓர ரப்பர் பட்டை) ஒட்டுவது அதில்தான். அறுத்தால் கதவு மூடவே மூடாது. தூணை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று தொங்கவிடுவதே மேல்.

துளை போடுவது பற்றி. பெட்டி ஓடும்போது வெளிச்சுவர் எங்காவது வெதுவெதுப்பாக இருந்தால் அதற்குள் சூட்டை வெளியே விடும் கண்டன்ஸர் குழாய் ஓடுகிறது. அங்கே டிரில் வைத்தால் கேஸ் போய்விடும். பெட்டியின் விவரத் தகட்டில் கேஸ் ஆர்290 என்றிருந்தால் உள்ளே இருப்பது புரோபேன், தீப்பிடிக்கும். எங்குமே துளைக்காதீர்கள், ரிலேயையும் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கிச் சுவிட்ச்) மற்ற சுவிட்சையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பழைய ஆர்134ஏ, ஆர்404ஏ தீப்பிடிக்காது, ஆனாலும் காற்றில் திறந்துவிடக் கூடாது, மெக்கானிக் கருவி வைத்து மீட்க வேண்டும்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுயரம் 150 சென்டிமீட்டர் என்றால் 150 கிடைக்காது, மேலே ஃபேன் பெட்டி அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். தலையும் முழங்காலுக்குக் கீழ் முன்கால்களும் நீக்கிய உடலைக் கொக்கியிலிருந்து கழுத்து வெட்டு வரை அளந்து வைத்துக்கொண்டு பெட்டி தேடுங்கள்.

பனிமூட்டம்

குளிர்காற்று சொன்ன பச்சைக்குக் காரணம் இடைவெளி அல்ல, தோல். மான் ரோமம் உள்ளீடற்றது, குளிர்காலத்துக்காகவே வளர்வது. அதைப் போர்த்தியபடி எந்தக் காற்றும் பலிக்காது. உரித்துத் தொங்கவிட்டிருந்தால் காலையில் 17 நின்றிருக்காது.

நான் சொல்ல வந்தது வேறு. வெளியே உறைபனி, ஷெட்டில் வைத்த பெட்டி. முன்னங்கால் சப்பையைத் தட்டினால் மரக்கட்டை மாதிரி டக்கென்று சத்தம். கம்ப்ரஸர் ஓடவே இல்லை! கறி உறைவது சுமார் மைனஸ் 1.5 டிகிரியில். ஷெட் அதற்கும் கீழே போனால் பெட்டியும் மெதுவாகப் பின்தொடரும், ஃபிரிட்ஜுக்குச் சூடாக்கத் தெரியாது. இங்க்பேர்ட் ஐடிசி-308 மாதிரி இரண்டு அவுட்லெட் (ஒன்று குளிருக்கு, ஒன்று சூட்டுக்கு) உள்ள வெப்பநிலைக் கண்ட்ரோலரில் 2 டிகிரி வைத்து, குளிர் வித்தியாசம் 1.5, சூடு வித்தியாசம் 2 கொடுத்தால் 0 டிகிரியில் ஹீட்டர் ஆன் ஆகும். 60 முதல் 100 வாட் செராமிக் ஹீட்டர் போதும். குண்டு பல்பு வேண்டாம், உடைந்தால் கறி முழுக்கக் கண்ணாடி.

ஈரம்85

தோலை உரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏற்க மாட்டேன். உரித்த மான் முதுகுத்தசை எப்படி இருந்தது தெரியுமா? மேலே விரல்நகக் கனத்தில் கறுத்த தோல்போல் காய்ந்து, வெட்டி எறிந்தது போக மிஞ்சியதும் மெல்ல முடியவில்லை. ஃபேன் நேராக அந்த முதுகில் ஊதிக்கொண்டிருந்தது. மானுக்கு மாட்டைப் போல மேலே கொழுப்புப் போர்வை கிடையாது.

இதில் இரண்டு கேடு சேர்ந்திருக்கிறது. ஒன்று உலர்வு. ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம் வேண்டும். 70க்குக் கீழே காயும், 90க்கு மேலே பிசுபிசுப்பும் பூஞ்சையும் வரும். ஃபேன் முன்னால் ஒரு சாய்வுத் தகடு வைத்துக் காற்றைப் பின்சுவர் வழியாக இறக்குங்கள். ஈரம் குறைந்தால் தட்டில் தண்ணீர் வைப்பதைவிட, கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடும்படி செய்வது நல்லது. காயிலில் கட்டிய பனி உருகி அந்த ஈரம் பெட்டிக்கே திரும்பும்.

மற்றது தசைச் சுருக்கம். உயிர் போன முதல் 10 மணி நேரத்தில், தசையின் அமிலத்தன்மை ஏறுமுன் அது 10 டிகிரிக்குக் கீழே போனால் இழைகள் இறுகிவிடும், எத்தனை நாள் தொங்கவிட்டாலும் முழுதாக இளகாது. தொடைக்கு அந்த ஆபத்து குறைவு, கனமானது, மெதுவாகத்தான் ஆறும். முதுகுத்தசை மெல்லியது, முதலில் இறுகுவது அதுதான். வெளியே 5 டிகிரிக்குக் கீழே என்றால் தோலோடும், சூடான நாளில் உரித்தும் என்று பிரித்துக்கொள்ளலாம். தோலோடு என்றால் இடுப்பு பிளப்பது கட்டாயம், அதில் குளிர்காற்று சொன்னது முழுக்கச் சரி. உரித்தது என்றால் முதல் இரவு 8 டிகிரியில் வைத்து மறுநாள் 2க்கு இறக்குங்கள். உரித்த உடலை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றினால் காய்வது குறையும். பிளாஸ்டிக் சுற்றவே கூடாது, அடியில் ஈரம் கோத்து ஓரிரு நாளில் வழுக்கும்.

வடிகால்

சின்னது. காயிலுக்கு அடியில் இருக்கும் வடிகுழாய், உருகிய தண்ணீரைக் கம்ப்ரஸர் பக்கத்துத் தட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே சூட்டில் ஆவியாகும். ரத்தம் அந்த வழியில் போகக் கூடாது. அப்படி ரத்தம் போன ஒரு பெட்டியின் அடித்தட்டை இழுத்தபோது வந்த வாடை சொல்லி மாளாது. மானுக்கு அடியில் ஓரம் உயர்ந்த தனித் தட்டு, தினமும் மாற்றுங்கள். கழுவ 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) குளோரின் கரைசல் போதும், பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். விட்டால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் குழிப்புள்ளி விழும். அமிலமோ அம்மோனியாவோ அதோடு கலக்காதீர்கள். வாங்கும்போதே மீன் வாடை ஃபோமில் ஏறியிருந்தால் எதுவும் பலிக்காது, விட்டுவிடுங்கள்.

அறைக்காரர்

ஏன் ஃபிரிட்ஜோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? 2.4 மீட்டருக்கு 2 மீட்டர் அறை, சுவரில் 10 சென்டிமீட்டர் ஃபோம் பலகை, ஜன்னல் ஏசி, அதோடு கூல்பாட். சாதாரண ஏசி 16 டிகிரியில் நின்றுவிடும், கூல்பாட் அதன் சென்சாரைச் சூடாக்கி ஏமாற்றி 2 டிகிரி வரை ஓட்டும். நாலு மான் தாராளமாகத் தொங்கும்.

குளிர்காற்று

அறை கட்ட இடமிருப்பவர்களுக்கு நல்லது. இங்கே கேள்வி ஃபிரிட்ஜ்.

ரிலேஒட்டு

கண்ட்ரோலர் பற்றிப் பேசியதால் இதையும் எழுதுகிறேன். டிஸ்பிளே மைனஸ் 6, குளிர் விளக்கு அணைந்திருக்கிறது, கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொங்கியது முழுக்கக் கல். கண்ட்ரோலர் ரிலேயின் தொடுமுனை ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டது. எஸ்டிசி-1000 என்ற கண்ட்ரோலரின் ரிலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் பெரிய கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓட்ட மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். கண்ட்ரோலர் 25 ஆம்பியர் கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டம் தாங்கும் ரிலே) சுருளை மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் கம்ப்ரஸரை இயக்கட்டும். கம்ப்ரஸர் நின்று மறுபடி கிளம்பும் தாமதத்தைக் கண்ட்ரோலரில் 5 நிமிடம் வையுங்கள். அழுத்தம் சமமாகுமுன் திரும்பக் கிளம்பினால் கம்ப்ரஸர் திணறி ஓவர்லோடு பாதுகாப்பில் நின்றுவிடும்.

பனிமூட்டம் சொன்ன அவுட்லெட் கண்ட்ரோலரில் ஃபிரிட்ஜ் பிளக்கை அப்படியே செருகினால் கம்ப்ரஸரோடு ஃபேனும் நிற்கும், ஈரம்85 சொன்ன பனி உருகல் நடக்காது. ஃபேனுக்குத் தனி இணைப்பு கொடுங்கள். ஃப்ரீஸரை மாற்றியிருந்தால் பனி உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள், 2 டிகிரிப் பெட்டிக்கு அது தேவையில்லை, சும்மா கறியைச் சூடாக்கும். ஆனால் ஃப்ரீஸர் கம்ப்ரஸர் தாழ்ந்த அழுத்தத்துக்கானது. 2 டிகிரியில் உறிஞ்சும் அழுத்தம் ஏறி மோட்டார் சூடாகும். சூடான மானை ஏற்றிய முதல் சில மணி நேரம் அதைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒட்டிய ரிலேயைக் கண்டுபிடிக்க, மான் ஏற்றுமுன், பெட்டி குளிர்ந்து கம்ப்ரஸர் ஓடும்போது செட்டிங்கை 10 டிகிரிக்கு உயர்த்துங்கள். கம்ப்ரஸர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிலே போயிற்று, மாற்றாமல் எதையும் தொங்கவிடாதீர்கள்.