புதுப்பிப்பு: சூடானதும் ஸ்டார்ட் ஆகாத பைக் – காரணம் டேப்பட்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முன்பு கேட்டது இதுதான்: காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் பைக், இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தினால் மறுபடி உயிர் பெறாது, ஆறிய பிறகுதான் எழும்.

முதலில் பிளக்கை மாற்றினேன், பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். "சூடாக இருக்கும்போது கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள், எதிர்ப்பு குறைகிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேதான் பிடி கிடைத்தது. ஆறிய எஞ்சினில் கால் நின்றது. சூட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அடைபடும் அழுத்தம், போகிறது.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது, டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் இடையிலான இடைவெளியை அமைக்கும் பகுதி) மூடியைத் திறந்தேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் 0.05 மி.மீ. அளவில்கூட நுழையவில்லை. கையேட்டில் இருப்பது 0.10. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, இடைவெளியே இல்லாமல், வால்வு முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது.

ஒரு சறுக்கல்: பிஸ்டன் மேலே வந்ததும் அளந்துவிட்டேன். நான்கு ஸ்ட்ரோக்கில் அது இருமுறை மேலே வரும் அல்லவா? இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடும் கம்ப்ரஷன் முடிவில்தான் அளக்க வேண்டும்.

எதிர்பாராதது, டேப்பட் சத்தமே இல்லாமல் இருந்ததை நான் நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தேன். இடைவெளியைச் சரிசெய்த பிறகு இப்போது லேசாக 'டிக் டிக்' கேட்கிறது, சூட்டிலும் முதல் உதையிலேயே எழுகிறது.