ஏழு வயது மகளின் வசிப்பு அனுமதி: ஜெர்மனியில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். கணவரின் புளூ கார்டு (தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வசிப்பு அனுமதி) வேலைக்காக மார்ச் மாதம் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் குடிவந்தோம். முகவரிப் பதிவு முடிந்தது. மகளின் வசிப்பு அனுமதிக்கு, விசா முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டோம். ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து இன்னும் தேதி வரவில்லை. ஆறு வயதானாலே கைரேகை தர வேண்டும் என்பதால் அவளை நேரில் அழைத்துச் செல்லாமல் அட்டை கிடைக்காது.

இதற்கிடையே ஊரில் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். இவளை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனம் வரவில்லை.

'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' என்ற, விண்ணப்பம் முடிவாகும் வரை தரும் தற்காலிகச் சான்றில் ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 81(4) பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் திரும்பி வரலாம் என்கிறார்கள். அந்தத் தாளோடு பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னை போய்த் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா? விமான நிலையத்தில் ஏற்றுக்கொண்டார்களா? சான்றை விரைவாகப் பெற அலுவலகத்துக்கு என்ன எழுதினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.