அளந்து போட்டால் பூனைக்குக் கொடுமையா? (6.4 கிலோ சிண்டு)

ஜன்னலோரம்:
எங்கள் சிண்டுவுக்கு நான்கு வயது. ஆண், கருத்தடை ஆபரேஷன் ஆனவன். சென்னையில் மூன்றாவது மாடி, பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம், வெளியே விடுவதே இல்லை. போன வாரம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது தராசு 6.4 கிலோ காட்டியது. டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, இவன் உடம்பு வாகுக்கு 5 கிலோதான் சரி என்றார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். என் கையை விரிக்கச் சொன்னார். புறங்கையைத் தடவினால் விரல் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, பூனையின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டுமாம். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மடக்கிய முஷ்டியின் கணு மாதிரி துருத்தினால் மெலிவு. வீட்டுக்கு வந்து தடவினேன். உள்ளங்கைதான்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. வாலின் அடிப்பக்கத்தில் அவனுக்கு எப்போதும் முடி சிக்காகிப் பொடுகு உதிரும். அம்மா தினமும் சீப்பு வைத்து வாரிவிடுவாள். தோல் நோய் இல்லையாம். உடம்பு பருத்ததால் திரும்பி அந்த இடத்தை நக்க அவனால் முடியவில்லை.

எங்கள் வீட்டில் கிண்ணம் காலியாகவே இருக்காது. யார் கடந்து போனாலும் ஒரு கைப்பிடி போடுவோம். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்: என் கைப்பிடி 28 கிராம், அப்பாவுடையது 41. ஒரு நாள் முழுக்க எழுதி வைத்ததில் 88 கிராம் டிரை ஃபுட் போயிருக்கிறது. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 375 கலோரி என்று இருக்கிறது. ஆக 330 கலோரி. அம்மா கொடுக்கும் வறுத்த நெத்திலி இதில் சேரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது 190.

நேற்றோடு கிண்ணத்தை எடுத்துவிட்டேன். இனி 50 கிராம், நான்கு வேளை. சிண்டு காலி இடத்தைப் போய்ப் போய் மோந்து பார்க்கிறான். அம்மா என்னோடு பேசவில்லை. “வாயில்லா ஜீவன் வயிற்றில் அடிக்கிறாய்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். பூனை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

நெத்திலிக்காரன்:
நான் உங்கள் அம்மா பக்கம். தூத்துக்குடியில் முப்பது வருஷமாகப் பூனை இல்லாமல் எங்கள் வீடு இருந்ததில்லை. ஒன்றுக்குக்கூடத் தராசில் நிறுத்துப் போட்டதில்லை. சாளை, நெத்திலி, சூரைத் தலை, அன்றைக்கு எது மலிவோ அதை உப்புப் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கொஞ்சம் சோற்றில் பிசைந்து வைப்போம். வயிறு நிறைந்ததும் மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒன்றும் குண்டாகவில்லை. பூனைக்குத் தன் அளவு தெரியும். தெரியாமல் அடிப்பது அந்த உருண்டைத் தீனி. தீனியை மாற்றுங்கள் தங்கச்சி, அளவில் கை வைக்காதீர்கள்.

ஜன்னலோரம்:
அண்ணாச்சி, உங்கள் பூனைகள் வெளியே போய்வருமா? ஆபரேஷன் ஆனவையா?

நெத்திலிக்காரன்:
ராத்திரி பூராவும் மதில்மேல்தான். ஆபரேஷன் எதுவும் செய்ததில்லை.

மாட்டாஸ்பத்திரி:
மதுரைப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அண்ணாச்சி சொல்வதும் சிண்டுவின் கதையும் வேறு வேறு. கருத்தடை ஆனதும் பூனையின் உடம்புக்குத் தேவையான சக்தி இருபது முதல் முப்பது சதவீதம் குறைகிறது. அதே வாரங்களில் பசி கூடுகிறது. மதில் ஏறி, எலி துரத்தி, சண்டை போட்டுத் திரியும் ஆண் பூனைக்கு இருக்கும் கணக்கு, சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வாழ்பவனுக்கு இல்லை. நிரம்பிய கிண்ணம் வைத்தால் தானே நிறுத்திக்கொள்ளும் பூனைகளும் உண்டு, மறுக்கவில்லை. என்னிடம் வரும் வீட்டுப் பூனைகளில் அப்படிப்பட்டவை குறைவு. குண்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஒல்லிப் பூனையைவிடப் பல மடங்கு. மூட்டு வலியும் வரும், பூனை அதைக் காட்டிக்கொள்ளாது.

டாக்டர் கொடுத்த எண் சரியான எண். 5 கிலோ பூனை சும்மா படுத்திருக்கவே ஏறக்குறைய 235 கலோரி வேண்டும். இளைக்க வைக்க அதில் எண்பது சதவீதம் கொடுப்போம், 190 வந்துவிடும். கவனியுங்கள், இப்போதைய 6.4-க்குப் போடும் கணக்கு இல்லை, போய்ச் சேர வேண்டிய 5-க்குப் போடும் கணக்கு.

டிரை ஃபுட் பற்றி அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதில் பத்து சதவீதம்தான் தண்ணீர், ஈரத் தீனியான கிரேவி பாக்கெட்டில் முக்கால் பங்குக்கு மேல். 85 கிராம் பாக்கெட் ஒன்றில் 65 கலோரி இருக்கும். அதே 65 கலோரிக்கு டிரை ஃபுட் போட்டால் 17 கிராம், கிண்ணத்தின் அடி மறையாது. பார்க்கிற நமக்கே மனசு கேட்காது, உடனே இன்னொரு கைப்பிடி போட்டுவிடுவோம்.

மாடித்தோட்டம்:
எங்கள் வீட்டில் சைவம். பூனைக்குத் தயிர்சாதமும் பாலும்தான், எடை ஏறவில்லை. இளைக்க வேண்டுமென்றால் இதைக் கொடுத்துப் பார்க்கலாமே?

மாட்டாஸ்பத்திரி:
தயவுசெய்து வேண்டாம் அம்மா. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், அதன் உடம்பு போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. தயிர்சாதத்தில் அது இல்லை என்றே சொல்லலாம். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1987-இல் கண்டுபிடித்தார்கள். கண்பார்வையும் போகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். உங்கள் பூனை ஒல்லியாக இருக்கிறது என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

நெத்திலிக்காரன்:
டாக்டர், 1987 கதையை நானும் படித்திருக்கிறேன். இதயம் வீங்கிய அந்தப் பூனைகள் தின்றது என்ன? கம்பெனிக்காரர்கள் விற்ற பூனைத் தீனி. முழுச் சத்துணவு என்று நம்பி வாங்கிப் போட்டதில்தான் டாரின் போதவில்லை. அதை மறைத்துவிட்டு வீட்டுச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

மாட்டாஸ்பத்திரி:
மறைக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகு கம்பெனிகள் டாரினைக் கூட்டின, அந்த இதய நோயும் அபூர்வமாகிவிட்டது. உங்கள் பூனைகள் தப்பியதற்கும் காரணம் இருக்கிறது. டாரின் தண்ணீரில் கரையும். மீனை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் டாரினில் பெரும்பகுதியைக் கொட்டுகிறார்கள். நீங்கள் அந்தத் தண்ணீரோடு பிசைந்தீர்கள். வேகவைத்ததும் நல்லது, சில பச்சை மீன்களில் தயமின் வைட்டமினைச் சிதைக்கும் பொருள் இருக்கிறது. ஆனாலும் மீனும் சோறும் மட்டுமே வருஷக் கணக்கில் போதாது. வெறும் எண்ணெய் மீனாகவே கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பே புண்ணாகும். அளவு தெரியாமல் அந்தச் சாப்பாட்டிலும் எடை ஏறும்.

நெத்திலிக்காரன்:
தண்ணீரைக் கொட்டக் கூடாது என்பது எங்கள் ஆத்தா சொன்னது. ருசிக்கு என்று நினைத்திருந்தேன். சரி, மற்றதில் நான் மாறவில்லை. 330 கொடுத்த வயிற்றுக்கு மறுநாளே 190 என்பது எனக்குக் கொடுமையாகத்தான் படுகிறது.

கருப்பி வீடு:
இந்த இடத்தில் அண்ணாச்சி சொல்வதை எல்லோரும் நிறுத்திப் படியுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கருப்பி 7 கிலோ இருந்தாள். ஒரே நாளில் பழைய தீனியை நிறுத்திவிட்டு இளைக்கும் தீனி என்று வாங்கி வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பசித்தால் தானே தின்பாள் என்று விட்டேன். மூன்றாவது நாள் எச்சில் ஒழுகியது, நான்காவது நாள் வாயைத் திறந்து பார்த்தால் ஈறு மஞ்சள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு மொத்தமும் கல்லீரலுக்கு ஓடி அடைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்தில் குழாய் வைத்து ஐந்து வாரம் நான்தான் ஊசிக்குழலில் கூழ் ஏற்றினேன். பிழைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குழாயைக் கழுவும்போதெல்லாம் அழுதிருக்கிறேன்.

அளந்து போடுவதற்கு நான் எதிரி இல்லை, இப்போதும் அளந்துதான் போடுகிறேன். ஆனால் சிண்டு ஒரு முழு நாள் தின்னவில்லை என்றால் “பிடிவாதம்” என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாட்டாஸ்பத்திரி:
இதை முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும். 88-இலிருந்து 50-க்கு ஒரே நாளில் இறங்காதீர்கள். 75, 65, 57 என்று வாரத்துக்கு ஒரு படியாக வாருங்கள். இறங்கும் வேகம் வாரத்துக்கு உடம்பு எடையில் அரை முதல் ஒரு சதவீதம் போதும், சிண்டுவுக்கு 30 முதல் 60 கிராம். 1.4 கிலோ குறைய ஆறேழு மாதமாவது ஆகும். நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் 30 கிராம் தெரியாது, குழந்தை எடை பார்க்கும் தராசு நல்லது.

தெம்பனிஸ் இரட்டையர்:
சிங்கப்பூரிலிருந்து. இங்கே வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்துதான் சட்டப்படி அனுமதி. வீட்டுக்கு இரண்டு, உரிமமும் உண்டு. என் இரண்டும் வாசல் தாண்டியதே இல்லை. ஒன்று 3.8 கிலோ, இன்னொன்று 5.9. ஒல்லிக்காரி கொறித்துக் கொறித்துத் தின்பாள், பெரியவன் தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதையும் முடிப்பான். அவள் தட்டை அலமாரி உச்சியில் வைத்தேன், நான்கு மாதம் வேலை செய்தது. பிறகு அவன் இளைத்து, அங்கேயே ஏறிவிட்டான். இப்போது பூனையின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பைப் படித்து அந்தந்தப் பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கிண்ணம் வாங்கியிருக்கிறேன். விலை அதிகம்தான்.

நான்கு வேளை என்பதும் எல்லாப் பூனைக்கும் பொருந்தாது. 2020-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் எட்டுப் பூனைகளுக்கு ஒரு வேளையும் நான்கு வேளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வேளை தின்றபோதுதான் வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாக இருந்தன. எட்டுப் பூனைதான், இதையே சட்டமாக எடுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பெரியவன் நான்கு வேளையில் நாள் முழுக்க அடுத்த வேளைக்காகவே காத்துக் கிடந்தான். இரண்டு வேளையாக்கிய பிறகு தூங்குகிறான்.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி. கருப்பியின் கதையைப் படித்த ராத்திரியே 75 கிராமுக்கு ஏற்றிவிட்டேன். அம்மா விஷயம்தான் தீரவில்லை. நான் ஆபீஸ் போனதும் நெத்திலி போடுகிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.

நெத்திலிக்காரன்:
அவங்க கையைத் தடுத்தால் ஒளித்துத்தான் போடுவாங்க தங்கச்சி. என் மனைவியும் அப்படித்தான். நெத்திலியையும் உங்கள் கணக்கில் சேருங்கள். வறுக்க வேண்டாம், அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாட்டாஸ்பத்திரி:
நல்ல யோசனை. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை அப்படிக் கொடுக்கலாம். 190-இல் 19. அவித்த சின்ன நெத்திலி நான்கைந்து தாராளமாக வரும்.

ஜன்னலோரம் (ஒன்பது வாரம் கழித்து):
யாராவது கேட்பீர்கள் என்று வந்தேன். அண்ணாச்சி சொன்னபடிதான் செய்தேன். காலையில் அன்றைய மொத்தத்தையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்: 28 கிராம் டிரை ஃபுட், ஒரு கிரேவி பாக்கெட், நான்கு அவித்த நெத்திலி. எப்போது கொடுப்பது, எத்தனை வேளை என்பதெல்லாம் அம்மா பாடு. அப்பா போடுவதும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அவ்வளவுதான். விடியற்காலை நாலரைக்கு என் கண் இமையைத் தட்டி எழுப்புவதை அவன் இன்னும் விடவில்லை. ராத்திரி பத்தரைக்கு அம்மா கடைசிப் பங்கைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அது ஐந்தரை ஆகியிருக்கிறது.

எடை இப்போது 6.02.

நேற்று சாயங்காலம் அம்மா ஹாலிலிருந்து கூப்பிட்டாள், குரலைக் கேட்டுப் பயந்து ஓடினேன். சிண்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, உடம்பை வளைத்து, வாலின் அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். “பார், எட்டுது” என்றாள்.